கே தே பரேஸே? கே பியென்ஸாஸ்? ஸ்பானிஷ்ல அபிப்பிராயம் கேக்க எதை எடுக்கறது

மெக்ஸிகோவுல குவாதலஹாராங்கிற ஊர்ல ஸான் ஹுவான் தே தியோஸ்னு ஒரு மார்க்கெட் இருக்கு, மாடி மேல மாடியா கடை, தோல் சாமான் ஒரு பக்கம் மலை மாதிரி குமிஞ்சு கிடக்கும். ஆபீஸ் வேலையா அந்த ஊருக்குப் போயிருந்தப்போ முதல் சனிக்கிழமையே கூட வேலை பாக்குற ஒரு மெக்ஸிகோக்காரங்களோட அங்க போனேன். வராச்சேன்னு தோல்ல பின்னின செருப்பு, அதுல ஒரு ஜோடியை மாட்டிப் பாத்துட்டு, மூணு மாசம் ஆப்ல படிச்ச தைரியத்துல அவங்களைப் பாத்து ‘கே பியென்ஸாஸ்?’னு கேட்டேன். எப்படி இருக்கு, வாங்கலாமாங்கிறதைத்தான் நான் கேட்டதா நினைச்சுட்டு நிக்கிறேன். அவங்க ஒரு செகண்ட் முழிச்சுட்டு ‘தே கே?’ன்னாங்க, அதாவது எதைப் பத்தி? காலைக் காட்டினேன். ‘ஆ!’ன்னு சிரிச்சுட்டு, செருப்பைக் காட்டி ‘கே தே பரேஸென்’னு கேக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க.

தப்புன்னு சொல்லல, இலக்கணப்படி ரெண்டும் சரிதான். ஆனா நான் கேட்டது ‘என்ன யோசிச்சிட்டு இருக்க’ன்னு காதுல விழுந்திருக்கு, கடையில செருப்பு போட்டுக்கிட்டு யாரு அப்படி தத்துவம் கேப்பாங்க. அன்னிலேருந்து இதை நோட்ல எழுதி வைக்க ஆரம்பிச்சேன், யாரு எப்ப எப்படி அபிப்பிராயம் கேக்குறாங்கன்னு. அப்புறம் வேலை மத்ரித் டீமோட மாறி அங்கயும் கொஞ்ச நாள் இருந்ததுல லிஸ்ட் இன்னும் நீண்டுபோச்சு. இப்ப ஸ்பானிஷ் படிக்கிற ஃப்ரெண்ட்ஸ் நாலஞ்சு பேர் ஒரே கேள்வியைக் கேக்குறதால மொத்தமா எழுதிடறேன்: இத்தனை வழி இருக்கே, எதை முதல்ல பழகறது, எதை எங்க விடறது.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். நான் ‘தே’ன்னு எழுதுற எல்லா இடத்துலயும் அது நம்ம த தான். ஸ்பானிஷ்ல ட கிடையாது, நாக்கு பல்லுல படணும். இங்கிலீஷ் பழக்கத்துல ‘டே பரேஸே’ன்னு சொல்லி அசிங்கம் பண்ணாதீங்க, இங்கிலீஷ்காரனுக்குக் கஷ்டமான இந்த எழுத்து நமக்கு அம்மா வயித்துலேருந்தே வருது. ஸ்பெயின்ல பாதிக்கு மேல ‘பரேஸே’வை ‘பரேத்தே’ன்னு நாக்கைக் கடிச்சு சொல்லுவாங்க, லத்தீன் அமெரிக்கா முழுக்க ஸ தான். நான் ஸ வச்சே எழுதுறேன்.

சரி, என் ஓட்டு எதுக்குன்னா, கே தே பரேஸே. முதல்ல இதைப் பழகுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

ஏன்னு கேட்டா, அது நம்ம பாஷை. பரெஸேர்னா தோணுறது, படுறது. தே-ன்னா உனக்கு. கே-ன்னா என்ன. ‘உனக்கு என்ன தோணுது?’ அவ்ளோதான். இங்கிலீஷ் மூலமா படிக்கிறவங்களுக்கு இந்த இடம் பெரிய தலைவலி, ஏன்னா அவங்க மொழியில நினைக்கிறவன்தான் எழுவாய், நான் நினைக்கிறேன் நீ நினைக்கிறன்னு ஆள்தான் முன்னாடி நிப்பான். தமிழ்ல அப்படி இல்ல. எனக்குப் பிடிக்குது, எனக்குப் பசிக்குது, எனக்குத் தோணுது, எனக்கு அப்படிப் படல, எல்லாத்துலயும் நான் ‘எனக்கு’தான், வேலை செய்யறது வேற ஏதோ. ஸ்பானிஷ்லயும் இதே கதைதான், மே பரேஸே, மே குஸ்தா, எனக்குத் தோணுது, எனக்குப் பிடிக்குது. ஆனா நாம என்ன பண்றோம், இங்கிலீஷ் புஸ்தகத்தையும் இங்கிலீஷ் ஆப்பையும் வச்சு படிக்கிறதால மனசுல தமிழ்ல வர்றதை இங்கிலீஷுக்கு மாத்தி, அந்த இங்கிலீஷை ஸ்பானிஷுக்கு மாத்தி, பக்கத்துல இருக்கிற வீட்டுக்கு ஊரைச் சுத்திக்கிட்டு போறோம். கே பியென்ஸாஸ்னு நான் மார்க்கெட்ல கேட்டது அப்படி சுத்தி வந்ததுதான்.

இதுல இன்னொரு லாபம் இருக்கு, இதை யாரும் ஆரம்பத்துல சொல்லித் தர மாட்டாங்க. ஸ்பானிஷ்ல நீ-க்கு தூ, வோஸ், நீங்க-வுக்கு உஸ்தேத், பன்மைக்கு உஸ்தேதெஸ், ஸ்பெயின்ல மட்டும் வொஸோத்ரோஸ், ஒவ்வொண்ணுக்கும் வினைச்சொல் மாறும். பியென்ஸாஸ், அர்ஜென்டினா போனா கடைசி அசையை அழுத்தி பென்ஸாஸ், பெரியவங்கன்னா பியென்ஸா, பன்மைன்னா பியென்ஸான், ஸ்பெயின்ல நண்பர்கள் கூட்டம்னா பென்ஸாயிஸ். பேச வாயைத் திறக்கறதுக்குள்ள அஞ்சு ரூபத்துல ஒண்ணைப் பொறுக்கணும். பரேஸே அப்படி இல்ல, அது அசையவே அசையாது, ஏன்னா தோணுறது அந்த விஷயம், ஆள் இல்ல. ஆளுக்கு ஏத்த மாதிரி நடுவுல இருக்கிற குட்டி வார்த்தை மட்டும் மாறும்: உனக்கு-ன்னா தே, உங்களுக்கு-ன்னா லே, நிறைய பேருக்குன்னா லெஸ், ஸ்பெயின் நண்பர்களுக்குன்னா ஓஸ். அதுலயும் தூ சொல்ற ஊரா வோஸ் சொல்ற ஊரான்னு கவலையே வேண்டாம், ரெண்டுக்கும் தே தான். புவெனோஸ் ஐரெஸ்ல இறங்கினாலும் லிமாவுல இறங்கினாலும் ‘கே தே பரேஸே’ ஒரே மாதிரி ஓடும்.

ஒரு பொறி மட்டும் இருக்கு. கேக்குற பொருள் பன்மையா இருந்தா பரேஸே பரேஸென் ஆகும். செருப்பு ஒரு ஜோடி, ரெண்டு செருப்பு, அதனாலதான் அவங்க ‘பரேஸென்’னாங்க. நாம இதுல வழுக்குவோம், ஏன்னா பேச்சுத் தமிழ்ல செருப்பு நல்லா இருக்கு, செருப்புங்க நல்லா இருக்கு, ரெண்டுக்கும் இருக்கு-தான், அஃறிணைப் பன்மைக்குன்னு தனியா வினை மாத்திப் பேசுற பழக்கமே நமக்குப் போயிடுச்சு. இன்னொரு வழுக்கல், நீ-ன்னு நினைச்சுட்டு பழக்கதோஷத்துல ஒரு ஸ் சேத்து ‘கே தே பரேஸெஸ்’னு சொல்லிடறது. ‘தே பரேஸெஸ் ஆ து மாத்ரே’ன்னா நீ உங்க அம்மா ஜாடைன்னு அர்த்தம், அது ஜாடை ஒத்துப்போறதைச் சொல்றது, அபிப்பிராயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

காலமும் முக்கியம். படம் பாத்துட்டு வெளிய வர்றப்போ கே தே பரேஸே-ன்னு நிகழ்காலத்துல கேட்டா கொஞ்சம் ஒட்டாது, பாத்து முடிச்சாச்சு இல்ல. மெக்ஸிகோவுல ‘கே தே பரெஸ்யோ?’ன்னு கேப்பாங்க. மத்ரித்ல அதே தியேட்டர் வாசல்ல ‘கே தே ஆ பரெஸீதோ?’, இப்பத்தான முடிஞ்சுது, அதோட சூடு இன்னும் இருக்குன்னு அவங்க அதுக்கு வேற காலம் வச்சிருக்காங்க. நான் குவாதலஹாரா பழக்கத்துல பரெஸ்யோன்னு கேட்டா மத்ரித்ல புரியாமலா போகும், புரியும், ‘ஓ மெக்ஸிகோவுல கத்துக்கிட்டியா’ன்னு ஒரு சிரிப்பு கூட வரும், அவ்ளோதான்.

யோசனை சொல்றதுக்கும் இதுவே போதும். கூட ஒரு ஸி சேத்துக்கணும், ஸி-ன்னா நம்ம -ஆல். ‘கே தே பரேஸே ஸி வாமோஸ் மஞ்ஞானா?’, நாளைக்குப் போனா என்ன, எப்படி. வெறும் ‘தே பரேஸே?’ன்னு கடைசியில ஒட்டினா ‘சரிதான?’ன்னு சம்மதம் வாங்குறது. ‘நோ தே பரேஸே?’ன்னு ஒட்டினா ‘உனக்கும் அப்படித்தான தோணுது?’ன்னு ஆளை நம்ம பக்கம் இழுக்கிறது, இதை அபிப்பிராயம் கேக்குறதுன்னு நான் சேக்க மாட்டேன், அது பதிலை வாயில ஊட்டி விடறது.

இப்ப கே பியென்ஸாஸ் பக்கம் வருவோம், பாவம் அதை ரொம்பத் திட்டிட்டேன். பென்ஸார்ங்கிற வார்த்தை லத்தீன்ல எடை போடுறதுங்கிற வார்த்தையிலேருந்து வந்தது, ஸ்பானிஷ்ல இன்னிக்கும் எடைக்கு பெஸார், நினைக்க பென்ஸார், ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளை. நாமளும் ஆளை எடை போடுறதுன்னு சொல்றோம்ல, அதே கணக்குதான். அதனால கனமான விஷயத்துக்கு அது பொருந்தும். வேலையை விட்டுடலாமா, வீட்டை விக்கலாமா, அவன் சொன்னது நியாயமா, இதுக்கெல்லாம் ‘தூ கே பியென்ஸாஸ்?’னு கேக்குறப்போ உக்காந்து யோசிச்சு சொல்லுங்கிற தொனி வந்துடும். முன்னாடி தூ போடுறது முக்கியம், மார்க்கெட்ல நான் விட்டது அதைத்தான். தூ இல்லாம எதைப் பத்தின்னும் சொல்லாம வெறும் கே பியென்ஸாஸ்னு கேட்டா, எதிராளி சன்னல் வழியா வெறிச்சுப் பாத்துட்டு இருக்கிறப்போ ‘என்ன யோசனை’ன்னு கேக்குற மாதிரி ஆயிடும்.

இதுக்குப் பின்னால வர்ற குட்டி வார்த்தையில தனி ஆபத்து இருக்கு. பென்ஸார் தே-ன்னா (இது உனக்கு-ங்கிற தே இல்ல, ‘பத்தி’ங்கிற வேற தே) ஒண்ணைப் பத்தி அபிப்பிராயம் வச்சிருக்கிறது, பென்ஸார் என்-னா ஒண்ணையே நினைச்சுட்டு இருக்கிறது. ‘கே பியென்ஸாஸ் தே எய்யா?’ன்னா அவளைப் பத்தி என்ன நினைக்கிற. ‘பியென்ஸாஸ் என் எய்யா?’ன்னா அவளையே நினைச்சுட்டு இருக்கியா. ஒரு எழுத்துல கதை காதல் கதை ஆயிடும். அப்புறம் பென்ஸாருக்குப் பின்னாடி நேரா இன்னொரு வினை வந்தா அது திட்டம், ‘கே பியென்ஸாஸ் அஸேர்?’னா என்ன செய்யலாம்னு நினைக்கிற. இது நமக்கு இயல்பாவே வரும், நாமளும் போகலாம்னு நினைக்கிறேன்னுதான திட்டத்தைச் சொல்றோம்.

கே ஒப்பினாஸ், இதுதான் பாடப்புத்தகத்துக்குப் பிடிச்ச பிள்ளை. உன் கருத்து என்ன. ஒப்பினார்னு தனி வினையே இருக்கு, கருத்து சொல்றதுன்னு. எங்கயும் தப்பாகாது, எந்த நாட்லயும் புரியும், பெரியவங்ககிட்ட ‘உஸ்தேத் கே ஒப்பினா?’ன்னு கேட்டா மரியாதையாவும் இருக்கும். மீட்டிங்ல, எலெக்‌ஷன் பேச்சுல, சம்பள உயர்வு பேச்சுல எல்லாம் நல்லா உக்காரும். தேலேன்னு ஸ்பானிஷ் தெரியும்னு சான்றிதழ் குடுக்கற பரீட்சை இருக்கு, அதை எழுதுறவங்களுக்கு இது உயிர்நாடி, அதுல பி2-ங்கிற நிலையோட வாய்மொழித் தேர்வுல முதல் பகுதியே ஒரு பிரச்சனைக்கு சில யோசனைகளைக் குடுத்து அதைப் பத்தி உன் அபிப்பிராயம் சொல்லு, அப்புறம் எக்ஸாமினரோட பேசுன்னுதான் இருக்கும். ஆனா வீட்ல, கடையில, சாப்பாட்டுல இதை எடுக்காதீங்க. தொப்பி போட்டுக் காட்டி ‘கே ஒப்பினாஸ்’னு கேட்டா தப்பில்ல, ஆனா மைக்கை நீட்டி கருத்துக் கணிப்பு எடுக்கற மாதிரி இருக்கும்.

அதுக்கும் மேல ஒரு படி இருக்கு, பத்திரிகைக்காரங்க அரசியல்வாதிகிட்ட கேக்குறது: ‘கே ஒப்பினியோன் லே மெரேஸே?’ இந்த விஷயம் உங்ககிட்டேருந்து எந்த மாதிரி அபிப்பிராயத்துக்குத் தகுதி ஆகுதுங்கிற மாதிரி அமைப்பு. பேட்டியில காதுல விழுந்தா புரிஞ்சா போதும், நாம பேச வேண்டாம். ஃப்ரெண்டுகிட்ட இதைக் கேட்டா கிண்டல் பண்றீங்கன்னுதான் நினைப்பாங்க.

இதுல ஒரு வேடிக்கை. நம்ம டிவியில பேட்டி எடுக்குறவங்க ‘இதை எப்படிப் பாக்குறீங்க?’ன்னு கேப்பாங்க இல்ல, நமக்கு அது கோட் சூட் போட்ட கேள்வி. ஸ்பானிஷ்ல அச்சு அசலா அதே கேள்வி, ‘கோமோ லோ வெஸ்?’, லுங்கி கட்டின கேள்வி. ஸ்பெயின்ல ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டி கேப்பாரு. மெக்ஸிகோவுல லோ கூட வேண்டாம், ‘கோமோ வெஸ்?’, இன்னும் கொஞ்சம் தெரு வாடை வேணும்னா ‘கோமோ லா வெஸ்?’. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஏன்னா இதுல அழுத்தம் இல்ல. கே ஒப்பினாஸ்னு கேட்டா ஒரு முழு கருத்து வேணும், பேசாம இருக்கிற ஆள்கிட்ட கேட்டா பயந்துடுவான். கோமோ லோ வெஸ்-னு கேட்டா ‘ம்ம், பரவால்ல, அந்த ரெண்டாவது பாகம் மட்டும்…’னு பாதி பதில் சொல்லலாம். டீம்ல புதுசா சேந்த பையன்கிட்ட, வேலை பாதியில இருக்கிறப்போ, இதைத்தான் கேப்பேன்.

கொலம்பியாக்காரங்க இந்த கோமோவையும் நம்ம பரேஸேவையும் கலந்து ‘கோமோ லே பரேஸே?’ன்னு கேப்பாங்க, என்ன தோணுதுங்கிறதுக்குப் பதிலா எப்படித் தோணுது, நாம பேசுற மாதிரியே. அதுலயும் பொகோத்தா பக்கம் அம்மா பிள்ளைக்கே உஸ்தேத் போட்டு லே-ன்னு பேசுறதைக் கேக்கலாம், மரியாதையா கோபமான்னு குழம்பாதீங்க, பாசம்தான். கொங்குப் பக்கம் சின்னப் பிள்ளையை வாங்க போங்கன்னு கூப்பிடுறதைக் கேட்டவங்களுக்கு ஆச்சரியமே இருக்காது.

கே க்ரேயெஸ். இதுல நான் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். க்ரேயேர்னா நம்புறது, அப்படித்தான்னு நினைக்கிறது. ‘தூ கே க்ரேயெஸ்?’னா நீ என்ன நினைக்கிற, முக்கியமா நடக்குமா நடக்காதா, உண்மையா பொய்யாங்கிற மாதிரி விஷயத்துக்கு. மழை வருமா, அவன் வருவானா, டீம் ஜெயிக்குமா. இதுவரைக்கும் சரி. மெக்ஸிகோவுல ஒரு நாள் காலையில அதே கலீக் வேகமா வந்து ‘கே க்ரேயெஸ்!’னாங்க. முந்தின நாள் ராத்திரி போட்ட ரிலீஸைப் பத்திக் கேக்குறாங்கன்னு நினைச்சு நான் ரொம்ப சீரியஸா, மே பரேஸே கே, டெஸ்டிங் பத்தாது, இன்னும் ரெண்டு நாள் எடுத்திருக்கலாம்னு ஆரம்பிச்சுட்டேன். அவங்க முகம் அப்படியே நின்னுபோச்சு. விஷயம் என்னன்னா அவங்க தங்கச்சிக்குக் குழந்தை பொறந்திருக்கு. மெக்ஸிகோவுல கே க்ரேயெஸ்-னா ‘என்ன விஷயம் தெரியுமா!’ன்னு அர்த்தம், அதுக்கு ஒரே சரியான பதில் ‘கே?’, என்ன? அதுக்கப்புறம் தூ இல்லாம கே க்ரேயெஸ் காதுல விழுந்தா வாயை மூடிட்டு காத்திருப்பேன்.

நாமளும் இதே விளையாட்டை வேற வார்த்தையில ஆடுறோம். ‘நீ என்ன சொல்ற?’ன்னா அபிப்பிராயம் கேக்குறது. ‘என்ன சொல்ற!’ன்னா அதிர்ச்சி. ஸ்பானிஷ்ல அச்சா அதேதான், ‘தூ கே தீஸெஸ்?’னா நீ என்ன சொல்ற, போலாமா வேண்டாமா. ‘கே தீஸெஸ்!’னு ஸ்பெயின்ல கண்ணை விரிச்சா, அட என்னடா சொல்ற. முன்னாடி ஒரு நீ இருக்கா இல்லையாங்கிறதுலதான் எல்லாம். இந்த ஒண்ணை எந்த டீச்சரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கல, முதல் தடவை கேட்டதும் புரிஞ்சுது.

இதோட தங்கச்சி ஒண்ணு அர்ஜென்டினாவுல இருக்கு, ‘வோஸ் தெஸீஸ்?’. யாராவது நமக்கு ஒரு யோசனை சொல்றாங்க, நமக்கு அரை மனசு, அப்ப கேக்குறது. அர்த்தம் ‘அப்படிங்கிற?’ இங்கிலீஷ்ல இதுக்கு மூணு நாலு வார்த்தை வேணும், தமிழ்ல ஒத்தைச் சொல்லு. ஸ்பெயின்ல இதே இடத்துக்கு ‘தூ க்ரேயெஸ்?’, நிஜமாவா நினைக்கிற. அபிப்பிராயம் வந்தப்புறம் அதை ஒரு தடவை கிள்ளிப் பாக்குற கேள்வி இது, இதைச் சரியான இடத்துல போட்டீங்கன்னா பாஷை தெரிஞ்ச ஆளுன்னு நம்பிடுவாங்க.

சாப்பாட்டுக்குன்னு வந்தா மேல சொன்ன எதுவுமே வேண்டாம், கே தால். எதிர்ல ஃப்ரெண்ட் போஸோலேங்கிற மெக்ஸிகோ சூப்பைக் குடிச்சுட்டு இருக்காங்க, ‘கே தால் எஸ்தா?’, எப்படி இருக்கு, முடிஞ்சுது. படத்துக்கும் ‘கே தால் லா பெலீகுலா?’, லீவுக்கும் ‘கே தால் லாஸ் வகாஸியோனெஸ்?’. இதுக்கு நீளமான பதில் எதிர்பாக்கக் கூடாது, சூப்பர், சுமார், வேஸ்ட், இந்த அளவுதான் வரும். சர்வர்கிட்ட மட்டும் கேள்வியை மாத்துங்க, அவருக்கு என்ன தோணுதுன்னு கேக்குறது முறையில்ல, ‘கே மே ரெக்கொமியென்தா?’, எனக்கு எதை சிபாரிசு பண்றீங்க. ஒரு எச்சரிக்கை, எஸ்தா புவேனோ-ங்கிறது சாப்பாட்டுக்கு நல்லா இருக்கு, ஆளுக்குச் சொன்னா ஆள் செம கட்டைங்கிற ரேஞ்சுக்குப் போயிடும், ஆபீஸ்ல யாரைப் பத்தியும் வாய் தவறிக்கூட சொல்லிடாதீங்க.

ஆளுங்களைப் பத்தி அபிப்பிராயம் கேக்குறதுக்குத் தனி சாமான் இருக்கு. புது மேனேஜர் எப்படி, அவன் ஃப்ரெண்ட் எப்படி. ‘தே குஸ்தா?’ன்னு கேட்டா பிடிச்சிருக்கான்னுதான் நாம நினைப்போம், ஆனா ஆளை வச்சு குஸ்தார் போட்டா பெரும்பாலும் அந்த மாதிரி பிடிச்சிருக்காங்கிற அர்த்தம் வந்துடும். அதுக்குப் பதிலா ‘தே காயே பியென்?’, வார்த்தைக்கு வார்த்தைன்னா உனக்கு நல்லபடியா விழுறாரா. ‘கே தால் தே காயே?’ன்னும் கேக்கலாம், ஆள் எப்படின்னு. பிடிக்கலன்னா மே காயே மால், மெக்ஸிகோவுல ஒரு படி மேல போய் மே காயே கோர்தோ, குண்டா விழுறான், ஆளைக் கண்டாலே ஆகாதுன்னு அர்த்தம். அவன் ஒல்லிப்பிச்சானா இருந்தாலும் கோர்தோதான். ‘கே பியென்ஸாஸ் தே எல்?’னு கேக்கலாம்தான், ஆனா அது அவனோட நடத்தையை எடை போடச் சொல்ற மாதிரி, கொஞ்சம் விசாரணைக் கமிஷன்.

அறிவுரை வேணுமா, அபிப்பிராயம் வேணுமாங்கிறதும் வேற வேற. ரெண்டு வேலை ஆஃபர் கையில இருக்கு, எதுன்னு தெரியல, அப்ப கே தே பரேஸே-ன்னா ரெண்டும் நல்லா இருக்குன்னு தப்பிச்சுப் போயிடுவாங்க. ‘தூ கே அரீயாஸ்?’னு கேளுங்க, நீயா இருந்தா என்ன செய்வ. பதில் ‘யோ கே தூ’ன்னு ஆரம்பிச்சா, நான் உன் இடத்துல இருந்தா, நிமிர்ந்து உக்காருங்க, நிஜமான பதில் வருது.

ஊருக்கு ஊர் இருக்கிற செல்லக் கேள்வியையும் சொல்லிடறேன், ஆனா இதையெல்லாம் அந்த ஊர்ல இருந்தா மட்டும். மெக்ஸிகோவுல ‘தே லாத்தே?’. லத்தீர்னா இதயம் துடிக்கிறது. சினிமா போலாமா, தே லாத்தே? உன் நெஞ்சு துடிக்குதா? சரின்னா ‘மே லாத்தே’. இதையே ‘மே லாத்தே கே’ன்னு நீட்டினா எனக்கு என்னமோ அப்படிப் படுது, பட்சி சொல்லுது. சிலியில ‘தே தின்க்கா?’, அது கெச்சுவா மொழியிலேருந்து வந்த வார்த்தை, அதுலயும் இதே ரெண்டு அர்த்தம், போலாமா-வும் இருக்கு, மனசுல படுது-வும் இருக்கு. மத்ரித்ல போய் தே லாத்தே-ன்னு கேட்டுப் பாத்தேன், டாக்டர் மாதிரி என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு துடிக்குதுன்னாங்க.

பதில்ல ரெண்டு விஷயம் பாத்துக்கணும், இல்லன்னா கேள்வியை அழகா கேட்டுட்டு பதில்ல மாட்டிப்போம். ஒண்ணு, திருப்பிக் கேக்குறது. ‘கே தே பரேஸே?’ன்னு கேட்டா நம்ம அபிப்பிராயத்தைச் சொல்லிட்டு ‘இ ஆ தீ?’ன்னு கேக்கணும். ‘கே ஒப்பினாஸ்?’னு கேட்டா ‘இ தூ?’. எது எங்கன்னு இங்கிலீஷ்காரங்க பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணுவாங்க, நமக்கு வேண்டாம், தமிழ்ல சொல்லிப் பாருங்க. எனக்கு நல்லா இருக்குன்னு தோணுது, உனக்கு? உனக்கு-ன்னு வந்தா ஆ தீ. நான் வேண்டாம்னு நினைக்கிறேன், நீ? நீ-ன்னு வந்தா தூ. இதுவரைக்கும் இந்தக் கணக்கு என்னைக் கைவிட்டதில்ல.

ரெண்டாவது, இல்லன்னு சொல்றப்போ வினை மாறும். மே பரேஸே கே எஸ் காரோ, விலை அதிகம்னு தோணுது. நோ மே பரேஸே கே ஸேயா காரோ, விலை அதிகம்னு தோணல. எஸ் ஸேயா ஆயிடுச்சு. க்ரேயோ கே எஸ், நோ க்ரேயோ கே ஸேயா, அதுக்கும் இதே விதி. அது போதாதுன்னு மே பரேஸே பியென் கே-ன்னு நடுவுல ஒரு பியென் விழுந்தா ஆமான்னு சொன்னாலும் மாறும், மே பரேஸே பியென் கே வெங்காஸ், நீ வர்றது எனக்குச் சரின்னு படுது. ஏன்னா முதல்ல சொன்னது ஒரு தகவல், இது ஒரு விஷயத்து மேல நாம குடுக்குற தீர்ப்பு. இங்க தமிழ் உதவாது, பழகித்தான் ஆகணும். ஆரம்பத்துல பயமா இருந்தா பாரா மீ-ன்னு ஆரம்பிங்க, என்னைப் பொறுத்தவரைக்கும், அதுக்கப்புறம் சாதாரண வாக்கியம் போட்டா போதும், பாரா மீ நோ எஸ் காரோ, ஒண்ணும் மாறாது. நான் ஆறு மாசம் இதை வச்சே ஓட்டினேன்.

பேசுறவங்க நம்ம முகத்துக்கு நேரா நல்லா இல்லன்னு சொல்றது ஊருக்கு ஊர் மாறும். எனக்குப் பழக்கமான ஸ்பெயின்காரங்க ‘நோ எஸ்தா மால்’னா, மோசமில்ல, அது பெரும்பாலும் பாராட்டு. மெக்ஸிகோவுல என் டீம்ல யாரும் நல்லா இல்லன்னு நேரா சொன்னதே இல்ல, ‘பூவேஸ்…’னு இழுத்தாங்கன்னா அங்கேயே எனக்கு பதில் கிடைச்சாச்சு. ‘கோமோ கியேராஸ்’னா உன் இஷ்டம், அது நல்ல மனசோட சொல்றதா, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு சொல்றதாங்கிறது நம்ம வீட்ல மாதிரியே தொனியிலதான் இருக்கு.

மத்ரித்ல ஒரு பழைய ஃபோனை ஒருத்தர்கிட்டேருந்து செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாம்னு பாத்தேன், விலை ரொம்பக் கம்மி. ஃபோட்டோவை பக்கத்து சீட்காரர்கிட்ட காட்டி, பாடமெல்லாம் சரியா ஞாபகம் வச்சு, ‘கோமோ லோ வெஸ்?’னு கேட்டேன். ஒரு நிமிஷம் பாத்துட்டு தோளைக் குலுக்கி ‘தூ வெராஸ்’னாரு. வெர்-னா பாக்குறது, எதிர்காலம், நீ பாப்ப. நல்லா வரும், நீயே பாப்பன்னு சொல்றாருன்னு எடுத்துக்கிட்டு அன்னிக்கு சாயங்காலமே போய் வாங்கிட்டேன். மூணு வாரத்துல பேட்டரி உப்பி ஸ்கிரீனைத் தூக்கிடுச்சு. அவர்கிட்ட கொண்டுபோய் காட்டினேன், ‘நான்தான் அன்னிக்கே சொன்னேனே’ன்னாரு. தூ வெராஸ்-னா ‘நீயே பாத்துக்க’, எனக்கு இதுல சம்மதம் இல்லங்கிற அந்த நீயே பாத்துக்க.